ஃபெஸ் பழைய நகரில் எதைப் பார்ப்பது, எதை விடுவது: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போகிறவர்களிடம் தரப்படும் பட்டியல்களில் பத்துப் பன்னிரண்டு இடங்கள் ஒரே எடையில் அடுக்கப்பட்டிருக்கும். மத்ரஸா, அரண்மனை வாசல், தோல் பதனிடும் தொட்டிகள், மரவேலை அருங்காட்சியகம், மட்பாண்டச் சூளை என்று படித்துக்கொண்டே போகும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்றுதான் தோன்றும். முடியாது. மதீனா எனப்படும் பழைய நகருக்குள் கார், பேருந்து எதுவும் வராது. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கைபேசி வரைபடம் திசை தெரியாமல் தடுமாறும். நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் வாசல் சாத்தியிருக்கும். வழியில் நிற்கும் ஒருவர் கேட்காமலேயே கூட வந்து பிறகு பணம் கேட்பார். இவற்றையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதும் குறிப்பு இது.

என் யோசனை ஒன்றுதான். இடங்களை எண்ணிக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு கைத்தொழிலைத் தேர்ந்தெடுத்து, அதன் வேலைப்பாடு நிறைந்த ஒரு கட்டடத்தையும், அதே வேலை இன்றும் நடக்கும் ஒரு பட்டறையையும் இணைத்துப் பாருங்கள். மற்றவை தாமாகவே கழிந்துவிடும்.

1. கடவுச்சீட்டு, விசா, கைப்பணம்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் மொராக்கோ அரசின் மின்விசாத் தளத்திலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். சாதாரண விண்ணப்பத்துக்கு 770 மொராக்கோ திர்ஹம், விரைவு விண்ணப்பத்துக்கு 1,100 திர்ஹம் என்பது கட்டணம். ஒருமுறை நுழைந்து 30 நாள் வரை தங்கலாம். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுகளுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் பல இருக்கின்றன. அவை இதே விசாவுக்கு இரண்டு மடங்கு கேட்கும். கட்டணம் மேலே சொன்ன தொகையிலிருந்து பெரிதும் விலகியிருந்தால் அங்கே அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள்.

திர்ஹம் மொராக்கோவுக்கு வெளியே எளிதில் கிடைக்காது; நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே எடுத்துச் செல்லவும் 2,000 திர்ஹம்தான் வரம்பு. எனவே யூரோவோ டாலரோ கையில் கொண்டுபோய் அங்கே மாற்றுவதே வழி. ஒரு திர்ஹம் ஏறத்தாழ 8 முதல் 10 இந்திய ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொண்டால் போதும். நுழைவுச் சீட்டு, டாக்ஸி, தேநீர், கைவினைஞருக்குக் கொடுக்கும் சிறு தொகை என எல்லாமே ரொக்கம். 200 திர்ஹம் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்ற பதில்தான் வரும் என்பதால், காலையிலேயே 10, 20 திர்ஹம்களாக மாற்றிக்கொள்ளுங்கள். பணம் எடுக்கும் இயந்திரத்தை மதீனாவுக்குள் தேடுவதைவிட வாசலருகிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது.

தங்கும் விடுதியில் கடவுச்சீட்டைப் பதிவு செய்வார்கள். அது முடிந்ததும் அசலை அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நகலோடு வெளியே போங்கள். மதீனாவில் எந்த நுழைவிடத்திலும் அசலை யாரும் கேட்பதில்லை. ட்ரோன் கொண்டுபோக நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். முன் அனுமதி இல்லாத ட்ரோனைச் சுங்கத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள்.

2. எந்தக் கிழமை, எந்த நேரம்

இதைச் சரியாகத் தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பிறகு மதீனாவின் கடைகளும் பட்டறைகளும் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். பட்டறை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வெள்ளியைத் தவிர்த்துவிடுங்கள். நெரிசல் இல்லாத சந்துகளில் நடந்து கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மட்டும் ரசிப்பவர்களுக்கு அதே வெள்ளி மாலை மிகவும் பொருத்தமானது.

ரமலான் மாதத்தில் பார்வை நேரங்கள் சுருங்கும். பிற்பகலிலேயே பல வாசல்கள் மூடப்படும். இன்னொரு சிக்கல் கடிகாரம். ஆண்டு முழுவதும் கிரீனிச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் இருக்கும் மொராக்கோ, ரமலானில் மட்டும் அந்த ஒரு மணியைப் பின்னுக்கு நகர்த்திவிடும். உங்கள் கைபேசி அதைச் சரியாகக் காட்டுகிறதா என்று விடுதியின் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரயில் பிடிக்க வேண்டிய நாளில் இது விளையாட்டல்ல.

மற்ற நாள்களில் காலை ஒன்பது மணிக்கு முதல் இடத்தில் நில்லுங்கள். பத்தரைக்குப் பிறகு சுற்றுலாக் குழுக்கள் வந்து இறங்கும். ஒரு சிறிய முற்றத்தில் நாற்பது பேர் நின்றால் சுவரைப் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

3. எங்கே நுழைய முடியாது

கரவிய்யீன் பள்ளிவாசலுக்குள்ளும், நகரை நிறுவியவராகப் போற்றப்படும் இரண்டாம் மௌலாய் இத்ரீஸின் அடக்கத்தலத்துக்குள்ளும் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. திறந்திருக்கும் கதவு வழியாக முற்றத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். ‘உள்ளே அழைத்துப் போகிறேன்’ என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம். தமிழ் முஸ்லிம் வாசகர்கள் தொழுகை நேரத்தில் தொழச் செல்லலாம். வாசலில் கேள்வி கேட்டால் ஸலாம் சொல்லி விளக்கினால் போதும். அரண்மனையிலும் வெளியே நின்று பித்தளைக் கதவுகளைப் பார்ப்பதோடு சரி. அந்தக் கதவுகள் பளபளப்பானவையே ஒழிய பழையவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்டவை. நேரம் குறைவாக இருந்தால் முதலில் நான் வெட்டும் பெயர் இதுதான்.

4. இரண்டு மத்ரஸாக்களில் எது

பூ இனானியா, அல்-அத்தாரீன் என்ற இரண்டும் அப்போது மொராக்கோவை ஆண்ட மரீனிய மரபுச் சுல்தான்கள் கட்டிய கல்விக்கூடங்கள். அத்தாரீன் 1323க்கும் 1325க்கும் இடையில் கட்டப்பட்டது. பூ இனானியா 1350இல் தொடங்கி 1355இல் முடிந்தது. இரண்டின் சுவரும் ஒரே ஒழுங்கில் மேலேறும். கீழே வண்ண ஓட்டுத் துண்டுகளால் ஆன ஸெல்லிஜ், நடுவில் செதுக்கிய சுதை வேலை, உச்சியில் தேவதாரு மரம். இந்த மூன்று அடுக்கையும் ஓரிடத்தில் நிதானமாகப் பார்த்துவிட்டால் ஃபெஸ் நகரத்தின் மற்றக் கட்டடங்களையும் படிக்கத் தெரிந்துவிடும். ஆகவே கையில் அரை நாள்தான் இருக்கிறது என்றால் ஒன்று போதும்.

எந்த ஒன்று? பூ இனானியா பெரியது. பளிங்கு பாவிய அகன்ற முற்றம், அதன் ஓரமாக ஓடும் நீர்க்கால், மத்ரஸாக்களில் அரிதாகக் காணப்படும் பள்ளிவாசல் கோபுரம் என்று முழுமையான அமைப்பு. ஆனால் அது தொழுகை நடக்கும் பள்ளிவாசலும்கூட. தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை வெளியே நிறுத்துவார்கள். நீர்க்காலைத் தாண்டித் தொழுகைக்கூடத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது. அத்தாரீன் சிறியது. முற்றத்தின் நடுவில் ஒரு நீர்த்தொட்டி, அதைச் சுற்றிக் கைக்கெட்டும் தொலைவில் சுவர்கள். கழுத்தை வளைத்து மேலே பார்க்க வேண்டியதில்லை. சுதையில் உளி போன தடம் கண்ணுக்கு நேராகவே தெரியும். வாயிற்கதவின் உலோகத் தகட்டு வேலையும் தனியாக நின்று பார்க்கத் தகுந்தது.

கைவேலைப்பாட்டை அருகில் பார்க்க விரும்புபவர் அத்தாரீனுக்குப் போகலாம். கட்டடத்தின் அமைப்பையும் விசாலத்தையும் விரும்புபவருக்குப் பூ இனானியா. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் அத்தாரீனைச் சொல்வேன். எதில் நுழைந்தாலும் சுவரைச் சுற்றி ஓடும் கறுப்பு எழுத்துப் பட்டையை மறக்காமல் பாருங்கள். அது தூரிகையால் எழுதப்பட்டதல்ல. ஓட்டின் மேல் இருக்கும் கறுப்பு மெருகைச் சுரண்டி எடுத்து, அடியிலுள்ள சுட்ட மண்ணைத் தெரியவைத்து, எஞ்சிய கறுப்பை எழுத்தாக நிறுத்தியிருக்கிறார்கள்.

நுழைவுக் கட்டணம் இரண்டு இடங்களிலும் 20 திர்ஹம் அளவில்தான் இருக்கும். வாசலுக்கு வெளியே ‘சீட்டு இங்கே’ என்று அழைப்பவரிடம் கொடுக்காமல், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஊழியரிடம் கொடுத்துச் சீட்டை வாங்குங்கள்.

5. கட்டடத்துக்கு இணையாக ஒரு பட்டறை

*ஸெல்லிஜ்.* மத்ரஸாச் சுவரில் பார்த்த ஓட்டு வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மதீனாவுக்குக் கிழக்கே இருக்கும் ஐன் நொக்பி பகுதிக்குப் போக வேண்டும். சூளைப் புகை காரணமாக மட்பாண்டத் தொழில் இங்கே நகர்ந்துவிட்டது. எண்ணெய் பிழிந்த ஆலிவ் கொட்டைச் சக்கைதான் எரிபொருள். நடந்து போவது சிரமம் என்பதால் சிவப்பு நிறச் சிறு டாக்ஸியைப் பிடியுங்கள்.

அங்கே வெட்டுபவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். உள்ளங்கை அளவுள்ள மெருகிட்ட சதுர ஓட்டின் மேல் அச்சு வைத்துக் கோடு போட்டிருக்கும். கனத்த சுத்தியலின் கூர் விளிம்பால் அதைச் சின்னச் சின்ன அடிகளாகக் கொத்துவார்; நட்சத்திரமோ, அறுகோணமோ, வளைந்த இதழோ பிரிந்து வரும். பிறகு துண்டைத் திருப்பி, பின்விளிம்பைச் சரிவாகச் சீவுவார். முன்பக்கம் இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்பதற்கு இந்தச் சீவல்தான் காரணம். பக்கத்தில் அடுக்குபவரோ துண்டுகளை வண்ணம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்துக்கொண்டே போவார். எந்தத் துண்டு நீலம், எது பச்சை என்று அவருக்குக் கண்ணில் தெரியாது. வடிவத்தையும் இடத்தையும் நினைவில் வைத்துத்தான் வேலை நடக்கிறது. பின்புறம் சாந்து ஊற்றி இறுகியபின் பலகையாகத் தூக்கி நிமிர்த்தும்போதுதான் கோலம் வெளிப்படும்.

பட்டறையைச் சுற்றிக் காட்டுவதற்குக் கட்டணம் கேட்கமாட்டார்கள். ஆனால் சுற்று கண்டிப்பாக விற்பனைக் கூடத்தில்தான் முடியும். வாங்கவில்லை என்றால் வேலையைக் காட்டியவர் கையில் 10, 20 திர்ஹம் கொடுத்துவிட்டு வரலாம். அதில் குறையொன்றும் இல்லை.

*உலோகம்.* அத்தாரீனிலிருந்து சில நிமிட நடையில் ஸஃப்பாரீன் சதுக்கம். செலவே இல்லாத இடம். கன்னார்கள் வெளியில் உட்கார்ந்து கல்யாணச் சமையலுக்கான செம்பு அண்டாக்களைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பேசினால் காதில் விழாத அளவுக்குச் சத்தம். மரத்தடியில் ஒரு புதினாத் தேநீரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். மொத்தப் பயணத்தில் யாரும் எதையும் விற்க வராமல் ஒரு தொழிலைப் பார்க்கக் கிடைக்கும் இடம் இது என்பதால், எந்தத் திட்டத்திலிருந்தும் இதை நான் நீக்கமாட்டேன்.

*மரம்.* பதினெட்டாம் நூற்றாண்டு வணிகர் சத்திரம் ஒன்றில் அமைந்த நஜ்ஜாரீன் மரவேலை அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருள்களைவிடக் கட்டடமே பெரிது. மூன்று தளமாக எழும் மரக் கைப்பிடிகளும் வளைவுகளும்தான் பார்க்க வேண்டியவை. கண்ணாடிப் பெட்டிகளை வேகமாகக் கடந்துவிடலாம். கட்டணம் இங்கேயும் 20 திர்ஹம் அளவுதான். வெளியே வந்தால் பக்கத்துச் சந்தில் தச்சர்கள் மணமேடைகளும் நாற்காலிகளும் செய்துகொண்டிருப்பார்கள்.

6. ஷுவாராத் தோல் தொட்டிகள்: பார்க்கலாமா, விடலாமா

ஃபெஸ் என்றாலே எல்லோரும் காட்டும் படம் இந்த வட்டத் தொட்டிகளின் படம்தான். இதற்கென்று பொது நுழைவாயிலோ அரசுச் சீட்டோ கிடையாது. சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க வேண்டும். மாடிக்கு ஏற்றிவிடும் கடைக்காரர் கையில் ஒரு புதினாக் கொத்தைக் கொடுப்பார். நாற்றத்துக்கு அதை மூக்கருகில் பிடித்துக்கொள்வது வழக்கம். இறங்கி வரும்போது கடைக்குள்ளாகத்தான் வர வேண்டும். இது ஏமாற்று அல்ல, அங்குள்ள ஏற்பாடு அப்படி. ஆனால் சந்தில் நின்று ‘மாடிக்குப் போக 100 திர்ஹம்’ என்று கேட்பவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. நேராகக் கடைக்குள் நுழைந்து கடைக்காரரிடமே கேளுங்கள். எதுவும் வாங்காவிட்டால் 10 முதல் 20 திர்ஹம் வரை கொடுப்பது மரியாதை.

காலையில் போனால் வேலை நடப்பதைக் காணலாம். வெளுத்த தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீர். மயிரைக் கழற்றித் தோலை மிருதுவாக்குவது இங்கே. பழுப்பும் சிவப்புமான தொட்டிகள் சாயத்துக்கு. ஆட்கள் தொடை வரை இறங்கி நின்று மிதிப்பார்கள். எல்லாமே இயற்கைச் சாயம் என்று ஒவ்வொரு மாடியிலும் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்றம் தாங்காதவர்களும், கூடச் சிறு குழந்தை இருப்பவர்களும், கோடை நண்பகலில் வந்து சேர்ந்தவர்களும் இதை விட்டுவிட்டு ஸஃப்பாரீனில் கூடுதலாக அரை மணி இருப்பதே மேல்.

7. நடக்கும் வரிசை

மதீனா மேற்கே உயர்ந்து ஆற்றை நோக்கிச் சரிகிறது. பாப் பூ ஜலூத் வாசலில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே வந்து றஸீஃப் சதுக்கத்தில் முடியுங்கள்; அங்கே டாக்ஸி கிடைக்கும், திரும்ப மேடேற வேண்டாம். வரிசை இப்படி: பாப் பூ ஜலூத், பூ இனானியா, தலா கெபீரா தெரு வழியே கீழிறங்கி அத்தாரீன் கடைவீதி, அங்கிருந்து ஒதுங்கி நஜ்ஜாரீன், மீண்டும் வந்து அத்தாரீன் மத்ரஸா, கரவிய்யீனின் கதவு, ஸஃப்பாரீன், ஷுவாரா, றஸீஃப். தொட்டிகளில் காலை வேலையைக் காண்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் இதே வரிசையில் பூ இனானியாவையும் நஜ்ஜாரீனையும் விட்டுவிட்டு நேராக இறங்கிவிடுங்கள். ஐன் நொக்பிக்கு வேறொரு காலையை ஒதுக்குங்கள்.

‘பலாக்!’ என்ற குரல் பின்னாலிருந்து கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சுமையேற்றிய கழுதையோ தள்ளுவண்டியோ வருகிறது. சரிவில் அதை நிறுத்த முடியாது.

சிறு டாக்ஸியில் மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். ஏறியதும் மீட்டரைப் போடச் சொல்லுங்கள். இரவில் மீட்டர் கட்டணத்தோடு பாதி கூடுதலாக வாங்குவது முறையானதுதான்.

8. வழிகாட்டி வேண்டுமா

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் வேண்டும். உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு அரசு தரும் படத்துடன் கூடிய அட்டை உண்டு. விடுதி மூலம் முன்பதிவு செய்து, அட்டையைப் பார்த்த பிறகே கிளம்புங்கள். அரை நாளுக்கு 300 முதல் 500 திர்ஹம் வரை ஆகும். அது குழுவுக்கான தொகை, ஆளுக்கல்ல. பேசும்போதே ‘கடைகள் வேண்டாம், இன்னின்ன பட்டறைகள் மட்டும்’ என்று சொல்லிவிட வேண்டும். கடைகளிலிருந்து வழிகாட்டிக்குத் தரகு போகும்; அது உங்கள் விலையில்தான் ஏறும்.

தெருவில் தானாக வந்து சேருபவர்களின் பேச்சு பெரும்பாலும் மூன்றே வகை: வழி அடைத்திருக்கிறது, மத்ரஸா இன்று மூடல், இன்று மட்டும் மலைவாழ் மக்களின் சந்தை. ‘லா, ஷுக்ரன்’ (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நிற்காமல் நடங்கள். வழி தெரியாமல் போனால் கடைக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். அவர் கடையை விட்டுவிட்டு உங்களோடு வரப்போவதில்லை.

9. வாங்குவதாக இருந்தால்

முதல் நாள் எதையும் வாங்காதீர்கள். கற்றாழைப் பட்டு என்று விற்கப்படும் பளபளப்பான துணி பெரும்பாலும் விஸ்கோஸ் எனும் செயற்கை நூல்தான். நிறம் பிடித்திருந்தால் அந்த விலைக்கு வாங்கலாம், பட்டு விலைக்கு வேண்டாம். தோல் அசலா என்று காட்டத் தீக்குச்சி கொளுத்திக் காட்டுவார்கள். அந்தச் சோதனை தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. தையலையும், உள்விளிம்பையும், ஈரத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பதையும் பாருங்கள். மட்பாண்டங்களுக்குப் பூசும் மரபான மெருகுகளில் ஈயம் சேர்ப்பதுண்டு என்பதால், உணவுக்குரியது என்று உறுதி தராத தட்டைச் சுவரில் மாட்டலாம், குழம்பு ஊற்றிச் சாப்பிட வேண்டாம்.

பழம்பொருள் என்று சொல்லி விற்கப்படுவதை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்ல அனுமதிக் கடிதம் தேவை. புதிய பொருளுக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். ஸெல்லிஜ் மேசையோ பெரிய பானையோ வாங்கினால் கடையே அனுப்பிவைப்பதாகச் சொல்லும். அப்போது பொருளின் விலை, பொதிச் செலவு, கப்பல் அல்லது விமானக் கட்டணம், உங்கள் ஊர்ச் சுங்க வரி யார் பொறுப்பு என்ற நான்கையும் தனித்தனியாக ரசீதில் எழுதச் சொல்லி, பொருளோடு சேர்த்து அந்தத் தாளையும் படம் எடுத்துக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.